12 வருஷ சுகருக்கு முதல் தடவையாகப் பாதத்தைப் பார்த்தார்கள்: திருச்சியில் ஒரு பாத கிளினிக்

போன கார்த்திகையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் இடது கால் செருப்பு கழன்று விழுந்துவிட்டது, அவர் அது தெரியாமல் பதினைந்து அடி நடந்து போய்விட்டார். பூக்கார அம்மா ஒருவர் "ஐயா, செருப்பு!" என்று கத்திய பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே திரும்பி வந்து மாட்டிக்கொண்டு, "வார் லூசாயிருச்சும்மா" என்றார். நானும் நம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வார் இறுக்கமாகத்தான் இருந்தது.

அப்போதே கூட்டிப்போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்புறம் மார்கழியில் அதே காலில் பெருவிரலுக்குக் கீழே இருந்த ஆணிக்கு மெடிக்கலில் ஆணி பிளாஸ்திரி ஒன்றை அவராகவே வாங்கி ஒட்டி, மூன்று நாள் கழித்துப் பிரித்தபோது தோல் வெள்ளையாக ஊறி, நடுவில் மிளகு அளவுக்கு ஒரு குழி. வலி கிடையாது. அந்த பிளாஸ்திரியில் இருப்பது சாலிசிலிக் அமிலம், அது தோலைக் கரைத்து எடுக்கிற சமாச்சாரம், ஆணித்தோல் எது நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது, நம் கால்தான் "போதும், எரியுது" என்று சொல்ல வேண்டும், அப்பாவின் கால் அதைச் சொல்கிற நிலைமையில் இல்லை. சுகர் உள்ளவர்கள் போடக் கூடாது என்று பாக்கெட்டின் பின்பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. படிக்க அவருக்கும் கண்ணாடி வேண்டும், எனக்கும் வேண்டும்.

இப்படித்தான் தில்லைநகரில் இருக்கும் அந்தப் பாத கிளினிக்குக்குப் போனோம். மூன்று தடவை போய் வந்தாயிற்று. பெயர் போடவில்லை, நிறையக் குறையும் சொல்லப் போகிறேன், அப்புறம் யாரோடும் மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் ஊர் கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்பது இதில் இருக்கும்.

முதலில் ஒரு விஷயம். அப்பாவுக்கு சுகர் வந்து 12 வருஷம். துறையூரில் இருந்துகொண்டு அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாத்திரை ஒழுங்காகப் போடுவார், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுப்பார், கண் கூட ஒருமுறை பார்த்தாயிற்று. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டர்கூட அவர் பாதத்தைத் தூக்கிப் பார்த்ததில்லை. அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது, நாமும் காட்டுவதில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிறோம், கால் நாற்காலிக்கு அடியில் போய்விடுகிறது, கையை நீட்டுகிறோம், பிரஷர் பார்க்கிறார், சீட்டு எழுதுகிறார், முடிந்தது. இங்கிலாந்தில் சுகர் உள்ள 12 வயது தாண்டிய எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு முறை பாதப் பரிசோதனை உண்டு. இங்கே ஒரு பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தபோது நாட்டில் 10 கோடிக்கு மேல் சுகர்க்காரர்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் ஆளுக்கு இரண்டு பாதம், யார் எப்போது பார்ப்பது?

சரி, கிளினிக்குக்கு வருவோம். கால் வைத்தியம் பார்க்கிற இடம் முதல் மாடியில் இருக்கிறது, லிப்ட் கிடையாது. இதை யோசித்தவர் யார் என்று தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா, காலில் பெரிய கட்டு, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார், நாங்கள் பின்னால் வரிசையாக நின்றோம். ஏறி முடித்த பிறகு நடந்த ஒன்று அந்தக் கோபத்தைக் கொஞ்சம் குறைத்தது. அப்பா வழக்கம்போல வாசலில் செருப்பைக் கழற்றினார், வரவேற்பில் இருந்த பெண் எழுந்தே வந்துவிட்டார். "ஐயா, போட்டுக்கிட்டே வாங்க. இங்க வெறுங்காலோட யாரையும் நடக்க விடமாட்டோம்." அப்பா என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குள் செருப்போடு போவது அவருக்குக் கோயிலுக்குள் போவது மாதிரி. மூன்று தடவை போயும் இன்னும் அந்த வாசலில் ஒரு நொடி நிற்கிறார்.

பத்தரைக்கு டோக்கன், கூப்பிட்டது பன்னிரண்டே காலுக்கு. இது சாதாரண தாமதம் இல்லை. காத்திருக்கிற அத்தனை பேரும் சுகர்க்காரர்கள், காலையில் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு எட்டு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு வந்தவர்கள், நேரம் ஆக ஆக சுகர் இறங்கி மயக்கம் வரலாம். கேன் தண்ணீரைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்கு வியர்த்துக் கொட்டி நாங்கள் பிஸ்கட் கொடுத்தோம். பையில் ஏதாவது வைத்துக்கொண்டு போங்கள்.

உள்ளே போனதும் முதலில் பார்ப்பது டாக்டர் இல்லை, பயிற்சி பெற்ற ஒரு பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பொண்ணு வேலை செய்த விதத்தைப் பார்த்தால் இந்த மொத்தச் செலவில் உருப்படியான பகுதி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கையில் ஒரு பேனா மாதிரி பிடி, அதன் முனையில் மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. அதைத் தோலில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்திருக்கிறார்கள். முதலில் அப்பாவின் கையில் தொட்டுக் காட்டினார், "இப்படித்தான் இருக்கும்ப்பா. கண்ணை மூடிக்கிட்டு, கால்ல தொடுறப்ப தெரியுதுன்னு சொல்லுங்க." அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெருவிரல் நுனி, விரல்களுக்குக் கீழே உள்ள மேடு, நடுப்பாதம், குதிகால் என்று அவர் தொட்டுக்கொண்டே போனார். இழை வளைவது எனக்குத் தெரிகிறது. அப்பா பேசவில்லை. ஐந்து இடம் ஆயிற்று. ஆறாவது இடத்தில் அப்பா கண்ணை மூடியபடியே கேட்டார், "இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?"

அந்தப் பொண்ணு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆரம்பிச்சாச்சுப்பா, அப்படியே இருங்க" என்று சொல்லி வேலையைத் தொடர்ந்தார். இடது காலில் பத்து இடத்தில் மூன்றுதான் அவருக்குத் தெரிந்தது, வலது காலில் ஐந்து. பஸ் ஸ்டாண்டில் செருப்பு ஏன் கழன்றது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது அதிர்வு பார்க்கிற கருவி. ஒரு சின்ன முனையைப் பெருவிரலில் வைத்து வோல்ட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள், அதிர்வது தெரிந்ததும் சொல்ல வேண்டும். 15க்குள் சொல்லிவிட்டால் நல்லது, 25ஐத் தாண்டினால் புண் வரும் ஆபத்துள்ள கால் என்று கணக்கு. அப்பாவுக்கு இடதில் 38, வலதில் 29. அப்புறம் டாப்ளர், கணுக்காலில் ஜெல் தடவி வைத்தால் ரத்தம் ஓடுகிற சத்தம் புஸ் புஸ் என்று ஸ்பீக்கரில் கேட்கிறது, கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து ஒரு எண் சொல்கிறார்கள். 0.9க்குக் கீழே போனால் காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். 1.3க்கு மேலே போனாலும் சந்தோஷப்பட முடியாது, ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிந்து விறைத்திருக்கலாம். அப்பாவுக்கு 1.05. நரம்பு போயிருக்கிறது, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, அதனால் புண்ணின்மேல் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொண்டால் ஆறிவிடும் என்றார்கள். சுகர்க் கால் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறோமே, அதில் நரம்பு ஒரு கதை, ரத்தக்குழாய் இன்னொரு கதை, சிலருக்கு இரண்டும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். பார்க்காமல் நேராகச் செருப்பு விற்க வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான்கு ஸ்டார் கொடுத்திருப்பேன். கண்ணாடித் தட்டுமேல் ஏறி நிற்கச் சொல்லி, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கலர்ப் படம் எடுத்தார்கள், அதற்கு 800 ரூபாய். கேட்டுவிட்டு எடுக்கவில்லை, எடுத்துவிட்டு பில்லில் போட்டார்கள். அந்தப் படத்தை வைத்து டாக்டர் சொன்னது, பெருவிரலுக்குக் கீழே அழுத்தம் அதிகம் என்பது. ஐயா, ஆணி அங்கேதானே இருக்கிறது, நானே சொல்வேனே. பாதம் வளைந்துபோனவர்கள், விரல் எடுத்தவர்கள், உள்ளே வைக்கிற மெத்தையை அளவெடுத்துச் செய்கிறவர்கள், இவர்களுக்கு அது பயன்படும். எங்களுக்கு அது வீட்டு பீரோவில் இருக்கிற ஒரு கலர் பேப்பர்.

டாக்டர் பத்து நிமிஷம்தான் பார்த்தார், ஆனால் நல்ல பத்து நிமிஷம். ஆணியைப் பிளேடால் சீவினார். சோப்பைச் சீவினால் விழுகிற மாதிரி வெள்ளை வெள்ளையாகச் செதில் விழுந்தது, ஒரு கட்டத்தில் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. ஆணிக்கு அடியிலேயே ரத்தம் கட்டியிருக்கிறது, பிளாஸ்திரி போட்ட குழியும் அதுவும் சேரப் பார்த்திருக்கிறது. ஆணி என்பது செருப்புக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்கிற மாதிரி, நமக்கு உறுத்தும், எடுத்துப் போட்டுவிடுவோம், இவருக்கு உறுத்தவில்லை, அதனால் கல் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றார். அப்பா இதையெல்லாம் விட்டுவிட்டு, "வலியே தெரியலையே டாக்டர், உங்களுக்கு நல்ல கைராசி" என்று பாராட்டினார். டாக்டர் பிளேடைத் தட்டில் வைத்துவிட்டு, "கைராசி இல்லைங்கய்யா. உங்களுக்கு உணர்ச்சி இல்லை" என்றார். அப்பா திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. டாக்டர் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் பக்குவமாகச் சொல்லியிருந்தால் இந்த மனுஷன் கேட்டிருக்க மாட்டார் என்பதும் உண்மை.

இனி செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உள்ளே நுண்ணிய காற்றறைகள் உள்ள மெத்து ரப்பர், அடியில் கெட்டியான கறுப்பு ரப்பர், பின்பக்கம் வார், ஒட்டுகிற பட்டை, இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. அப்பா முதலில் வேண்டவே வேண்டாம் என்றார். காரணம் விலை மட்டும் இல்லை, "அந்தச் செருப்பு யார் போடுறதுன்னு ஊருக்கே தெரியும்" என்றார். அவர் தலைமுறைக்கு அது தொழுநோய் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற செருப்பு. அது பொய்யும் இல்லை, இந்த ரப்பர் காலணி நம் பக்கத்தில் பரவியதே வேலூர், கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிகள் வழியாகத்தான். அதில் முக்கியமான ஆள் பால் பிராண்ட் என்கிற டாக்டர், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர், பெற்றோர் அங்கே மிஷனரிகள். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளைப் பார்த்தபோது அவர் கண்டது, விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் புண்ணோடே நடந்தும்தான் போகின்றன என்பது. சுகர்க் காலின் கதையும் அதே கதைதான், காரணம்தான் வேறு. இதை நான் அப்பாவிடம் சொன்னபோது மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை, "கொல்லிமலையில பொறந்தவரா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். அடுத்த நாள் அளவு கொடுக்கச் சம்மதித்தார். என் வாதத்துக்கு இல்லை, கொல்லிமலைக்கு.

செருப்பு 1,850 ரூபாய். ஐந்து நாளில் தருகிறேன் என்றவர்கள் ஒன்பது நாள் ஆக்கினார்கள், போன் எடுக்கவில்லை. வந்த ஜோடியில் இடது கால் வார் சுண்டுவிரல்மேல் உரசியது. ஏன் என்று பார்த்தால், காகிதத்தில் பாதத்தை வரைந்தபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அதுவும் காலை நேரம். நின்றால் பாதம் விரியும், சாயங்காலம் வீங்கும், இது செருப்புக் கடைப் பையனுக்கே தெரியும், பாத கிளினிக்குக்குத் தெரிய வேண்டாமா? உரசலும் அப்பாவுக்குத் தெரியவில்லை, சிவந்திருந்ததை அம்மாதான் பார்த்தார். திரும்பக் கொண்டுபோனதும் சண்டை போடாமல், காசு கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் போனால் சாயங்காலமாகப் போய், நின்றுகொண்டு அளவு கொடுங்கள்.

கடைத்தெருவில் 400 ரூபாய்க்கு "டாக்டர் செருப்பு" என்று தொங்குகிறதே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நானும் கேட்டேன். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், எம்.சி.ஆர். உள்ளே போய் உடனே எழும்பும், வீட்டில் இருந்த பழைய ஜோடியில் குதிகால் குழி அப்படியே தங்கியிருந்தது. எம்.சி.ஆரும் நாளடைவில் அமுங்கத்தான் செய்யும், அதனால் ஒவ்வொரு தடவை போகும்போதும் செருப்பையும் காட்ட வேண்டும். இன்னொன்று, வார் பிய்ந்தால் தெருமுனையில் கொடுத்து ஆணி அடிக்கக் கூடாது. ஒட்டியோ தைத்தோதான்.

மொத்தச் செலவைச் சொல்லிவிடுகிறேன்: பார்க்க 500, பரிசோதனை 1,200, அந்தக் கலர்ப் படம் 800, ஆணி சீவிக் கட்டுப் போட 400, செருப்பு 1,850, வெடிப்புக்கு யூரியா கிரீம் 320. ஐயாயிரத்துச் சொச்சம், இன்சூரன்ஸில் ஒரு பைசா வராது. முடியாதவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள், "பாதம் பாதுகாப்போம்" திட்டம் இதற்காகவே தொடங்கியது. சென்னைப் பக்கம் என்றால் ராயபுரத்தில் 1954இல் இருந்து நடக்கிற எம்.வி. சுகர் ஆஸ்பத்திரி, பாதத்துக்குப் பெயர் போன இடம்.

வீட்டுக்குக் கொடுத்த அறிவுரைத் தாள் மொழிபெயர்ப்புத் தமிழில் இருந்தது, அம்மா இரண்டு வரி படித்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். அந்தப் பொண்ணு வாயால் சொன்னதுதான் நின்றது. சுடுதண்ணீரில் கல் உப்பு போட்டுக் காலை ஊற வைப்பது எங்கள் வீட்டில் சர்வரோக நிவாரணி, அது இனிமேல் கிடையாது. குளிக்கிற தண்ணீரைக் காலால் பார்க்காமல் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கிரீம் குதிகாலுக்கும் பாதத்துக்கும்தான், விரல் இடுக்கில் கூடாது, இடுக்கு ஈரமாக இருந்தால் சேற்றுப்புண் வரும். நகத்தை வளைத்து வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும். பாதம் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே வர வேண்டும், உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

அப்பாவின் ஒரே கேள்வி சமயபுரம். வருஷா வருஷம் சித்திரையில் நடந்து போகிறவர், போன வருஷம் இரண்டு காலிலும் கொப்புளம், தார் ரோட்டுச் சூடு அவருக்குத் தெரியவில்லை, நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்தோம். டாக்டர் முடியவே முடியாது என்றார். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பொண்ணுதான், "பஸ்ல போங்கப்பா, கோயிலுக்குள்ள வெள்ளை சாக்ஸ் போட்டுக்கங்க, விடிகாலைல கல்லு சுடறதுக்கு முந்தி போயிருங்க. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்றார். டாக்டர் பேச்சைவிட அது எடுபட்டது.

குழி ஐந்து வாரத்தில் மூடிவிட்டது. தினமும் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், அப்பாவுக்குக் குனிந்து பார்க்க வயிறு இடம் கொடுக்காது. பழைய டி.வி.எஸ். வண்டியில் இருந்த சைடு கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் காலைத் தூக்கி அதில் பார்க்கிறார். "முப்பது வருஷம் கண்ணாடி பார்த்து வண்டி ஓட்டினவன்மா" என்று சொல்லிக்கொள்கிறார். போன வாரம் கறுப்பாக ஏதோ தெரிகிறது என்று கூப்பிட்டார், டார்ச் அடித்துப் பார்த்தால் ஒட்டிக்கொண்டிருந்த எள்.

மூன்றரை ஸ்டார். அந்தப் பொண்ணுக்கு மட்டும் என்றால் ஐந்து. அடுத்த டோக்கன் பங்குனியில், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை சீவ வேண்டுமாம். அதற்குள் லிப்ட் போட்டால் வந்து எழுதுகிறேன்.